பால்காப்பி நிறத்தில் ஒரு பிள்ளை

ஓவனிலிருந்து எடுத்த பொம்மையின் இடுப்புக்குக் கீழே, விட்ஸ்கே பூசவே பூசாத ஒரு நீலத் திட்டு இருந்தது.

முதலில் ஓவனைத்தான் சந்தேகித்தாள். சாண்டம் நகரில் பழைய ஓவனைப் போல வசதியான குற்றவாளி கிடையாது. திட்டினால் திருப்பித் திட்டாது. நிஜக் குழந்தையென்றே நம்பவைக்கும் வினைல் பிள்ளைகளைச் செய்து விற்பவள் அவள். நீர்போல மெல்லிய சாயத்தைப் பூச வேண்டும், சுட வேண்டும், ஆறியதும் மறுபடி பூச வேண்டும். அப்போதுதான் நிறம் தோலுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். திரையில்லாத ஜன்னலுக்கு வெளியே குளிர்கால மாலை சீக்கிரமே இருட்டிக்கொண்டிருக்க, சூடான சாயத்தின் இனித்த வாடை சமையலறை முழுக்க நின்றது. அதற்கு அடியில் வேறொரு வாடை. புளித்த பால்.

பக்கத்து வீட்டு முரியலுக்கு மகன் ஜைரோ பிறந்தபோது விட்ஸ்கே முறைப்படி பிள்ளை பார்க்கப் போயிருந்தாள். ஆண் பிள்ளை பிறந்த வீட்டில் வழக்கமாகத் தரும் நீலச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கைக் கடித்தபடியே கேட்டாள்.

"ஜைரோ மாதிரி ஒரு பொம்மை செய்யட்டுமாம்மா? இந்தக் கலப்பு நிறத்துக்கு இப்ப நல்ல கிராக்கி."

"நீங்க செய்றதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளை மேல காப்பி கொட்டுன மாதிரில்ல இருக்கு, ஆன்ட்டி" என்று சிரித்தாள் முரியல். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இவன் வேணாம். சுரினாம்ல எங்க ஆளுங்களை ஒருதரம் அடிமையா வித்தாச்சு. போதும்."

"சும்மாதான் கேட்டேன்."

முரியல் காப்பி எடுக்க உள்ளே போனதும், துணி மாற்றக் கிடத்தியிருந்த பிள்ளையை விட்ஸ்கே முன்னும் பின்னும் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

அந்த முகத்தைக் களிமண்ணில் பிடித்து வினைலில் வார்த்தாள். ஆர்ன்ஹெம் ஊரிலிருந்து பொம்மை கேட்டிருந்த அம்மாளுக்காக இரண்டே திருத்தம். மூக்கைச் சற்றுக் கூராக்கினாள். முதுகடியில் இருந்த நீல மச்சத்தை விட்டுவிட்டாள். கலப்புப் பிள்ளைகள் பலருக்குப் பிறவியிலேயே இருப்பதுதான், ஆனால் விலை கொடுப்பவர் கண்ணுக்கு அடித்த காயமாகத் தெரியும்.

அந்த மச்சம்தான் இப்போது வந்திருந்தது.

அதன்மேல் பழுப்பைப் பூசி மறுபடி ஓவனில் வைத்தாள். சூடு ஏற ஏற, சுவருக்கு அப்பால் ஜைரோ அழத் தொடங்கினான். பசி அழுகையல்ல, மூச்சு பிடித்து, நீண்டு, கரகரக்கும் அழுகை. ஓவனை அணைத்தாள். நின்றது. பொம்மையை எடுத்துப் பார்த்தபோது நீலம் முன்னைவிட அழுத்தமாக இருந்தது.

மறுநாள் முரியல் வாசலில் நின்றாள்.

"ஆன்ட்டி, பிறவி மச்சம் ஒரே ராத்திரில மறையுமா?"

"மறைஞ்சா நல்லதுதானேம்மா."

"வருஷக்கணக்காகும்ங்கறாங்க நர்ஸ். எடையும் இறங்குதாம். மூக்குகூட என்னவோ மாறுது. என் வீட்டுக்காரர், கடைசில என் மூக்கு வந்துடுச்சு பாருன்னு குதிக்கறாரு." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

சொல்லிவிட வேண்டும். நாக்கு வரை வந்தது. ஆனால் ஆர்ன்ஹெம் அம்மாள் சாயங்காலமே வருகிறாள். விட்ஸ்கே கதவைச் சாத்தினாள்.

முடி நடுவது மட்டும்தான் பாக்கி. ஒவ்வொரு இழையாக, ஊசியால். ஒரு குத்து, சுவருக்கு அப்பால் ஒரு வீறல். அடுத்த குத்து. வீறல். பிறகு சத்தமே இல்லை. அது இன்னும் மோசம். பொம்மை மடியில் கனத்தது. எடைக்கு நிரப்பும் கண்ணாடி மணிப் பை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

உச்சந்தலையில் அவள் கட்டைவிரல் பட்டது.

பச்சைப் பிள்ளையின் உச்சிபோல மெத்தென்றிருந்தது. எழுந்தது. தாழ்ந்தது.

மறுபடி எழுந்தது.

ஊசி கீழே விழுந்தது. வாசலில் கார் நின்றது.

அதை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டால் போதும். அவ்வளவுதான் தோன்றியது. பெட்டிக்குள் வைக்கும்போது அதன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"டேப் போட்டு நல்லா ஒட்டிடுங்க" என்றாள் ஆர்ன்ஹெம் அம்மாள், கையுறையைக் கழற்றாமலேயே. "வீட்ல போய் மெதுவா பிரிக்கணும். அதுலதான் சுகமே."

ஒட்டினாள். மேலே. பக்கங்களில். மூலைகளில்.

கார் கிளம்பியதும் மணி அடித்தது. முரியல். போர்வையில் எதையோ இறுக்கி அணைத்திருந்தாள்.

"பிடிச்சுப் பாருங்க ஆன்ட்டி. அழமாட்டேங்கறான்."

கையில் வாங்கினாள். காலி ஜாடியின் கனம்தான் இருந்தது. சூடான சாய வாடை. கூரான மூக்கு. இமைக்காத கண்கள். உச்சந்தலை கெட்டியாக, அதில் வரிசை வரிசையாக ஊசித் துளைகள்.

முரியல் அதைப் பார்க்கவில்லை. தெருப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"பிள்ளை அழுவுது" என்றாள் மெதுவாக. "எங்கயோ அழுவுது."

அவள் சட்டையின் மார்பில் இரண்டு ஈரவட்டங்கள் விரிந்துகொண்டே வந்தன. கால்வாய்த் திருப்பத்தில் காரின் சிவப்பு விளக்குகள் மறைந்தன. விட்ஸ்கேயின் விரல்கள் போர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன, டேப்பின் பிசினோடு. காற்றுப் போக ஓர் இடுக்கு விடாமல் பெட்டியை ஒட்டியிருந்தாள்.