எந்தக் கால் முன்னால்?

மூன்றாம் மிதவையில் மங்கையர்க்கரசி மறுபடியும் விழுந்தாள். வேளச்சேரித் தண்ணீர் மூக்கில் ஏறியது. "இரண்டாம் முயற்சி தோல்வி. இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு" என்று தேர்வுக் கருவி குழைவாக அறிவித்தது. இதற்குக் குரல் கொடுத்தவர் ஒருநாளாவது இந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்திருக்கலாம்.

தென்சென்னை மூழ்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஆழம் நெஞ்சளவு, அடியில் கார்களும் மதில்களும். படகுக்கு நீண்ட சுற்றுவழிதான், அதையும் இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள். இனி இழுவடம் மட்டுமே. மேலே ஓடும் கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து, ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டு, மூழ்கிய மதில்களைக் காட்டும் ஆறு மிதவைகளை வலமும் இடமுமாக வளைந்து கடந்தால் பெருங்குடி.

பெருங்குடி அரசு மருத்துவமனையில் அவள் மருந்தாளுநர். தேர்ச்சி அட்டை இல்லாதவர்களுக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் என்று ஆணை வந்துவிட்டது. வீட்டில் கணவர் பக்கவாதத்தில் கிடக்கிறார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க அவளை விட்டால் ஆள் இல்லை.

உடைந்த பலகையோடு செப்பனிடும் கூடத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஜெர்லினுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தூங்கி நாளான முகம்.

"பலகையப் பத்தி ஏதாச்சும் தெரியுமாக்கா?"

"மிதக்கும்னு தெரியும்."

மங்கையர்க்கரசியைக் குறைசொல்ல முடியாது. வார்ப்புத்தட்டு வந்த பிறகு யாரும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அதன்மேல் ஒருமுறை ஏறி நின்றால் போதும். எடையையும் நடையையும் கணித்து, அரைமணியில் உங்களுக்கென்றே ஒரு பலகையை வார்த்துக் கொடுத்துவிடும்.

ஜெர்லின் பலகையைக் கவிழ்த்தாள். "அடி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. வளைவு கூடுனா சட்டுனு திரும்பும், ஆனா வேகம் போயிடும். அகலமா இருந்தா புதுசா கத்துக்கிறவங்களத் தாங்கும். நடுவுல இந்தக் குழி தண்ணியப் பிடிச்சுக்கும். வால்ல இருக்குற துடுப்பு ஒரு மயிரளவு நகர்ந்தாலும் அது வேற பலகை."

"அப்ப எனக்கு எது சரியில்ல?"

"வலப்பக்கம் திரும்புறப்பதான விழுறீங்க? இந்த வாரம் வந்த முப்பது பலகையும் அப்படித்தான். தட்டுல எந்தக் கால முதல்ல வச்சீங்க?"

"வலது கால்தான். புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறப்ப வேற எத வைப்பாங்க?"

ஜெர்லின் பலகையைச் சுவரில் சாய்ப்பதுபோலப் பின்னால் போய், அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். மங்கையர்க்கரசி தடுமாறி நின்றபோது இடது கால் முன்னால் ஊன்றியிருந்தது.

"அதுதான் உங்க முன்கால். வலது காலுக்கு வார்த்த பலகைல நீங்க ஏறுனா, வலப்பக்கம் திரும்புறப்ப கவுத்துடும்," என்றாள் ஜெர்லின்.

தட்டை வடிவமைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ. முதலில் படும் கால்தான் இயல்பான முன்கால் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நல்ல காரியம் என்று வலது காலை எடுத்து வைத்த ஊர் முழுவதற்கும் அது வலதுகால் பலகையாக வார்த்துத் தள்ளியது.

மங்கையர்க்கரசி இடது காலை வைத்து மறுவார்ப்பு வாங்கினாள். மூன்றாம் தேர்வில் ஆறு மிதவைகளையும் கடந்தாள். கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷம்தான்.

மறுநாள் மருத்துவமனையில் எல்லோரும் எப்படித் தேறினாள் என்று கேட்டார்கள். "இடது கால வைங்க, போதும்," என்றாள். தள்ளிப் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. தனக்குச் சரியாய்ப் போனது கால்தானே என்று நினைத்துவிட்டாள். வார்டிலிருந்து வார்டுக்கும், அங்கிருந்து ஊருக்கும் சேதி பரவியது. மூன்றே வாரத்தில் நகரமே இடது காலை வைத்துப் பலகையை மாற்றிக்கொண்டது. வலது கால் உண்மையிலேயே முன்காலாக இருந்தவர்களும் மாற்றிக்கொண்டார்கள். இப்போது அவர்கள் இடப்பக்கம் திரும்பும்போது விழுந்தார்கள். முன்பைவிட அதிகம் பேர், ஒருவர்மேல் ஒருவராக. நான்கு பேருக்கு எலும்பு முறிந்தது.

போக்குவரத்துத் துறை விழித்துக்கொண்டது. மாத முடிவுக்குள் விபத்து குறையாவிட்டால் இழுவடம் மூடப்படும், அக்கரை ஊழியர் எல்லோருக்கும் மாற்றல். அதுவரை, ஜெர்லின் சொன்னபடி ஒவ்வொருவரையும் பின்னாலிருந்து தள்ளி முன்காலைக் கண்டறிய, விஷயம் தெரிந்த ஊழியர்கள் வார்ப்பு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பட்டியலில் முதல் பெயர் மங்கையர்க்கரசி.

முதல் நாள் அவள் தள்ளவேண்டியவர்கள் நானூறு பேர். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ஆனால் தள்ளுவார்கள் என்று தெரிந்தே எல்லோரும் வந்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் தடுமாறவில்லை.

அடுத்து வந்த அம்மாள் முதுகை நிமிர்த்தி, பாதங்களைச் சேர்த்து ஊன்றிக்கொண்டாள். மங்கையர்க்கரசி இரு கைகளாலும் தள்ளினாள். அந்த அம்மாள் அசையவில்லை. மெல்லத் தலையை மட்டும் திருப்பி, பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"மேடம், எந்தக் கால வச்சா பாஸ் போடுவீங்க?"