ஆறடி இரண்டங்குலத் திவான்

ரசீதில் நீளம் ஆறடி இரண்டங்குலம் என்று போட்டிருந்தது. கடையில் அந்த அளவில் திவானே கிடையாது. ஆறடி உண்டு, அதை விட்டால் ஆறரை. இது அளவு சொல்லித் தனியாகச் செய்யச் சொன்னது என்றார் மேனேஜர். அத்தோடு, பாகங்களைப் பூட்டிக் கொடுக்க உங்கள் கடையில் உயரமாக ஒருத்தர் இருப்பாரே, அவரையே அனுப்புங்கள் என்றும் அந்த வீட்டம்மா போனில் கேட்டாராம். கடையில் உயரமென்றால் ஒரே ஆள்தான். மேனேஜரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவன் நெட்டை. கோபம் வந்தால் அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் உயரம் ஆறடி இரண்டங்குலம். அந்தத் தெருவுக்கு அவன் அதற்குமுன் போனதே இல்லை.

தன்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டான். அன்று அவன் நினைப்பெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. மனைவிக்கு எட்டாம் மாதம். ஏழு மணிக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். போன இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் வேலை வந்து ஒட்டிக்கொள்ள, அவள் தனியாகவே போய் வந்தாள். இந்தத் தடவையும் வராவிட்டால் பிள்ளைக்கு வேறு அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில் சொல்லி அனுப்பினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் உறுத்தியது.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வண்டி டிரைவரும் அவனுமாகச் சட்டங்களையும் பலகைகளையும் நாலு நடையில் ஏற்றினார்கள். ஒன்றைத் தூக்கும்போது டிரைவர் அதை அவன் தோளோடு நிறுத்திப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைச் சட்டை மாதிரி உன்னையே அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று கிண்டல் செய்தான். வேறொரு வீட்டில் ஒரு பீரோ இறக்க வேண்டியிருந்ததால் டிரைவர் நிற்கவில்லை. நெட்டை தன் பைக்கிலேயே பின்னால் வந்திருந்தான். மணி அப்போது நாலு.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வாங்க தம்பி என்றார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்று வருஷக்கணக்காகப் பழகிப்போன குரல். கூடத்துச் சாமான்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் தரையைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தைல வாடையும், அதற்கு அடியில் வெயில் காணாத ஈரத்துணியின் புளித்த வாடையும் சேர்ந்து, உள்ளே நுழைந்தவன் தொண்டையில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வந்து படிந்தது. எதிரே ஓர் அறை. கதவு பாதி திறந்திருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம் வந்தது. நிரம்பிய குடத்தைத் தரையோடு தரையாக இழுப்பதுபோல இழுத்து, நடுவில் நின்று, நின்றே போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி இழுத்தது. இடையிடையே இருமல். மூன்று வறட்டு இருமல், கடைசியில் ஒரு முனகல். எப்போதும் அதே மூன்று, அதே முனகல்.

"அவர் உள்ள தரையில படுத்திருக்கார்," என்றார் அந்த அம்மா. "பழைய கட்டில்ல காலை மடக்கித்தான் படுக்கணும். பதினோரு வருஷமா மடக்கியே படுத்தார். மனுஷன் ஒருநாளாவது காலை நீட்டிப் படுக்கட்டும்னுதான் இது."

அறைவாசலில் ஒரு நாற்காலியில் மகள் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பாதங்களைப் பார்த்தாள், பிறகு தோள்களை. மறுபடி துணியை எடுத்தாள்.

நோயாளி இருக்கும் வீடுகளுக்கு அவன் நிறையப் போயிருக்கிறான். அங்கே வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு நகர வேண்டும். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி ஒரு நாற்காலியில் மாட்டினான். போனும் பைக் சாவியும் அதன் பையில் இருந்தன. பனியனோடு தரையில் உட்கார்ந்து பாகங்களைப் பரப்பினான். தலைப்பக்கப் பலகை ஒன்று, பக்கச் சட்டம் இரண்டு, கால் நாலு, மேலே போட குறுக்குப் பலகை பதின்மூன்று. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

முதல் காலைப் பொருத்தி போல்ட்டை விட்டு, வாஷர் போட்டு, எல்-சாவியால் முறுக்கினான். கடைசிச் சுற்று இறுகியபோது அவன் வலது முழங்காலில் சுரீரென்று ஒரு வலி. படி ஏறியது என்று நினைத்தான். இரண்டாவது காலை இறுக்கும்போது இடது முழங்கால். உள்ளே இழுத்துக்கொண்டிருந்த மூச்சு ஒரு தடவை நிற்காமல் வந்தது.

பக்கச் சட்டங்களைத் தூக்கிப் பொருத்துகையில் முதுகு பிடித்துக்கொண்டது. சாதாரணமாக ஒற்றைக் கையில் தூக்குகிற சட்டம். இரண்டு கையாலும் தூக்கி, பாதியில் இறக்கி, மறுபடி தூக்கினான். வியர்வையைத் துடைக்கப் புறங்கையை முகத்துக்குக் கொண்டுபோனபோது தைல வாடை அடித்தது. கூடத்து வாடை என்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது அவன் கையில் இருந்தது.

அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். முதலில் தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது அதை விட்டுவிட்டு, பாத்துக் குடிங்க, சூடாத்தான் இருக்கு என்றார். தம்ளர் அவன் கையில் ஆடியது. பாதி நெஞ்சில் சிந்தியது. அவன் துண்டு தேடுவதற்குள் மகள் எழுந்து வந்து அவன் மோவாயையும் கழுத்தையும் துடைத்தாள், கேட்காமலே, ஒரு குழந்தைக்குத் துடைப்பதுபோல. துடைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்ததுபோலத் துண்டை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தே காலுக்கு மனைவி கூப்பிட்டாள். கிளம்பியாச்சா என்றாள். இன்னும் அரை மணி என்றான்.  யார் பேசுறது என்று கேட்டாள் அவள். அவன் சொன்னான். குரல் ஏன் இப்படி இருக்கு, யாரோ வயசானவர் போனை எடுத்துட்டாரோன்னு நினைச்சேன் என்றாள். மரத்தூசி என்றான் அவன். போனைச் சட்டைப் பையில் திரும்ப வைக்க எழுந்து மூன்றடி நடக்க, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த அம்மா அறைக்குள் போனார். உள்ளே ஏதோ சொல்லும் முணுமுணுப்பு. கூடத்தில் மகள் மட்டும். குனிந்து துணியை மடித்தபடியே, உதடு அசைவது தெரியாமல் பேசினாள்.

"போயிடுங்க."

காதில் விழுந்தது சரிதானா என்று அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மிச்சத்தை யாராவது வந்து பூட்டட்டும். சட்டையை எடுத்துட்டு இப்பவே போயிடுங்க."

வீட்டுக்குள் ஏதோ மனஸ்தாபம், அப்பாவுக்குச் செலவு செய்வது மகளுக்குப் பிடிக்கவில்லை போல என்று அவன் நினைத்துக்கொண்டான். பாதியில் விட்டுப் போனால் மேனேஜர் நாளைக்கும் இங்கேயேதான் அனுப்புவார். ஆறு பலகைதான் பாக்கி. "பத்து நிமிஷம்மா, முடிஞ்சிடும்," என்றான். அப்போதுதான் அவள் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அறைக்கதவு அசைந்தது. அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

எட்டாவது பலகை. ஸ்க்ரூவின் தலை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அதனால் என்று நினைத்தான். ஒன்பதாவது. நெஞ்சுக்குள் ஏதோ கமறியது. இருமினான். மூன்று வறட்டு இருமல். கடைசியில், அவன் அறியாமலே, ஒரு முனகல்.

கை நின்றது.

உள்ளேயிருந்து இருமல் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று யோசித்தான். மூச்சிழுப்பும் இல்லை. காதைத் தீட்டிக் கேட்டான். அங்கே யாரோ சோம்பல் முறித்தார்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கு விடும் சத்தம். விரல், மணிக்கட்டு, தோள், முதுகு. ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்த ஆளின் நீண்ட கொட்டாவி. பிறகு தரையில் ஒரு பாதம். இன்னொரு பாதம்.

எழுந்துவிட வேண்டும். எழ முடியவில்லை. பதினோராவது பலகையை அவன் கை தானாகவே முடுக்கிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னான் கையிடம். அது தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்தது. பன்னிரண்டு. திருப்புளி சுற்றச் சுற்ற விரல்கள் வற்றின. பதின்மூன்று.

அந்த அம்மா வந்து விளக்கைப் போட்டார். "ஒருதடவை படுத்துப் பாருங்க," என்றார்.

உட்கார்ந்துதான் சரிபார்ப்போம், பூட்டுகிறவன் படுத்துப் பார்ப்பது வழக்கமில்லை என்று சொல்ல நினைத்தான். போக வேண்டும், வீட்டில் காத்திருக்கிறாள் என்று சொல்ல நினைத்தான். எழுந்து நின்றான். முழங்கால் மடிந்தது. திவானின் விளிம்பு அவனைத் தாங்கிக்கொண்டது. அந்த அம்மா ஒரு கையை அவன் கழுத்துக்குப் பின்னாலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தார். ஒரே அசைப்பு. எத்தனையோ ஆயிரம் தடவை செய்து பழகிய அசைப்பு. தலை பலகையில் பட்டது. பாதம் மறுமுனையைத் தொட்டது. ஒரு விரற்கடை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

கதவு முழுவதாகத் திறந்தது.

நிலைவாசலில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான் ஒருவன். இடுப்பில் ஒரு துண்டு. வாட்டசாட்டமான உடம்பு. நாற்காலியில் கிடந்த பேண்டை மாட்டினான். அதைத் தான் எப்போது கழற்றினோம் என்று நெட்டைக்கு நினைவில்லை. யூனிஃபார்ம் சட்டை. பொத்தான் ஒவ்வொன்றாக. பிறகு திரும்பினான்.

காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்த முகம். தாடையில் பிளேடு பட்ட கீறல்கூட இன்னும் ஆறியிருக்கவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"கிளம்பிட்டேன்மா," என்றான் அவன், நெட்டையின் குரலில். "இருபது நிமிஷத்துல வாசல்ல இருப்பேன். ரெடியா இரு." ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. "தூசிதான். இப்ப சரியாயிடுச்சு." போனிலிருந்து அவள் சிரிப்பது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

அந்த அம்மா அவன் காலரை நேராக்கினார். கை சட்டையை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே நின்றது. "எங்கயாவது நல்லா இருங்க," என்றார். "திரும்பிப் பாக்காதீங்க." அவன் மகளின் தலையைத் தொட்டான். அவள் நிமிரவில்லை. படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் காலடிகள். கீழே பைக் ஒரே உதையில் கிளம்பியது.

நெட்டை கத்தினான். வந்தது காற்று.

அந்த அம்மா வாசலிலேயே வெகுநேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். போர்வையை எடுத்து அவன் கழுத்து வரை போர்த்தி, ஓரங்களைச் செருகினார்.

"என்னங்க," என்றார். அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பயப்படாதீங்க. ஒரு குறையும் இல்லாம பாத்துக்குவோம்."

மகள் நாற்காலியை இழுத்துவந்து கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தாள். கையில் நகவெட்டி. போர்வையின் அடிப்பக்கத்தை விலக்கினாள். "ரொம்ப வளந்துடுச்சுப்பா," என்றாள். "ஆடாம இருங்க."

அவன் கண்ணை மட்டும் கீழே உருட்டிப் பார்த்தான். தோல் காய்ந்து வெடித்த இரண்டு பாதங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய விரல்கள். கொம்புபோலத் தடித்து, வளைந்து, நுனி சதைக்குள்ளேயே திரும்ப இறங்கிவிட்ட மஞ்சள் நகங்கள். அவை யாருடைய கால்களோ. மகள் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, நகம் சதைக்குள் இறங்கிய இடத்தில் நகவெட்டியின் முனையை நுழைத்து அழுத்தினாள்.

வலித்தது அவனுக்கு.