தொட்டியில் செத்த இறால்கள்

"அக்கா, மகேஷ்குமார் அண்ணாச்சி சாயங்காலத்துக்குள்ள போலீசுக்குப் போவேன்னு நிக்காரு. அதுக்குப் பொறவு பம்பாயில எந்த வீட்டுல என்னை உள்ள விடுவாக?"

தாராவி தௌஃபீக் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. வீடு வீடாகப் போய்க் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவன் பிழைப்பு. செம்பூர் மகேஷ்குமார் வீட்டு மீன்களுக்கு ஒட்டுண்ணி பற்றி, உடம்பெல்லாம் வெண்புள்ளி. அதற்கான செம்பு மருந்து மீனைக் காப்பாற்றும். இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அதனால் மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றி, அங்கேதான் மருந்து விட்டான். ஒரு கோமாளி மீன் மட்டும் பாறைக்குள் புகுந்துகொண்டு கைக்கு அகப்படவில்லை. இப்போது பெரிய தொட்டியில் இறால்கள் செத்துக் கிடந்தன. சோதித்தால் தண்ணீரில் செம்பு!

துப்பறியும் சுலைகா மாட்டுங்கா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு நிதானமாகக் கிளம்பினாள். அவள் உதவியாளன் அஸாருதீன் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான்.

"மருந்து இவன் கையிலதான் இருந்துச்சு. சோம்பேறித்தனத்துல பெரிய தொட்டியிலயே ஊத்திட்டான், பக்கா!" என்று செம்பூர் வீட்டில், தொட்டி முன்னால் நின்று கத்தினார் மகேஷ்குமார். சட்டைக் கையைச் சுருட்டி வியர்வையைத் துடைத்தார். வெயிலில் கறுத்த கை. முழங்கைக்கு மேலே மட்டும் ஒரு வெளிறிய வளையம். அஸாருதீன் அதைப் பார்த்தான், ஆனால் அவன் புத்தி முழுக்க மருந்துப் புட்டியில் இருந்தது.

"எல்லாம் ஒண்ணாவா செத்துச்சு?" என்று கேட்டாள் சுலைகா.

"இல்ல. அந்தப் பாறைகிட்ட இருந்த நத்தை மொதல்ல. அப்புறம் ஒண்ணொண்ணா" என்றார் மகேஷ்குமார்.

"மருந்தை ஊத்தியிருந்தா எல்லாம் சேர்ந்து செத்திருக்கும். ஒண்ணொண்ணா செத்திருக்குன்னா, செம்பு கொஞ்சம் கொஞ்சமா கலந்திருக்கு. இன்னும் உள்ளதான் கெடக்கு." சுலைகா அவர் கையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அங்க கட்டியிருந்த தாயத்து எங்க?"

மகேஷ்குமார் சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"ஒடம்புக்கு முடியலன்னா, மந்திரிச்ச தகட்டைத் தண்ணியில போட்டுக் குடிக்கக் குடுப்போம்லா... அந்த மீனு ஒத்தையில கெடந்துச்சு. மனசு கேக்கல. தாயத்தப் பிரிச்சு, தகட்ட பாறைக்குப் பின்னால போட்டேன்."

"தகடு எதுல செஞ்சது?"

அவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "செம்பு... தொட்டிகிட்ட செம்பே வரக்கூடாதுன்னு இவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். எனக்கு அது சாமி தகடுன்னுதான் தோணுச்சு. செம்புன்னு தோணவே இல்ல."

"என் பேரை எத்தன வீட்டுல சொன்னீக?" தௌஃபீக்கின் குரல் உடைந்தது.

மகேஷ்குமார் எழுந்து, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டுத் துழாவினார். பச்சை பூத்த தகடு வந்தது. ஈரக் கையாலேயே ஃபோனை எடுத்து, தௌஃபீக்கின் எதிரில் நின்றபடி பேசினார்.

"நான்தான்யா பேசுதேன். காலையில தௌஃபீக்கைப் பத்திச் சொன்னது பொய். எல்லாத்தையும் கொன்னது நான்."

அடுத்த எண்ணை அவர் தேடத் தொடங்கியபோது, தௌஃபீக் தொட்டிக்குப் புது உப்புத் தண்ணீர் கலக்க வாளியை எடுத்துவிட்டான்.