கடைசியாகக் கேட்கப்பட்ட நேரம்

மூன்றரை மணிக்கு வேன் டிரைவர் போன் செய்தார்.

"மேடம், லிஸ்ட்ல பதினாலு பேரு. வண்டியில பதினஞ்சு புள்ளைங்க உட்கார்ந்திருக்கு. ஒண்ணு கூடுது."

"அந்தப் புள்ளகிட்ட பேர் கேட்டு வைங்கண்ணே. பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்றாள் அவள்.

பள்ளிப் பிள்ளைகள் வண்டி ஏறினார்களா, வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று பெற்றோருக்குச் சொல்லும் ஆப் அது. அதைத் தாங்கி ஓடும் பன்னிரண்டு சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஜன்னல் இல்லாத அறை. நூறு மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, குளிர்ந்த தூசியின் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் கலந்து தொண்டையில் படிய, கறுப்பு அலமாரிகளுக்குள் பச்சை விளக்குகள் மெல்ல இமைத்துக்கொண்டிருந்தன. எட்டு வருடமாகக் கேட்டுப் பழகிய இரைச்சல்தான். இன்று அதற்கடியில் இன்னொன்று இருந்தது போலப் பட்டது. நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுப்பது போல.

பட்டியலில் குறை எதுவும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து டிரைவரைக் கூப்பிட்டாள்.

"கூடுதலாவா? பதினாலு பேரு, சரியா இருக்கே மேடம்."

"நீங்கதானே அண்ணே ஒரு புள்ள கூடுதுன்னு சொன்னீங்க?"

"நானா?" அவர் சிரித்தார். "வெயில்ல சுத்துற எனக்கு மண்டை காய்ஞ்சா நியாயம். ஏசியில உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவர் குரலுக்குப் பின்னால், போனை ஒட்டியே, ஒரு குழந்தை விம்மிக்கொண்டிருந்தது.

"யாருண்ணே அழுறது?"

"யாரும் அழலையே மேடம்."

அவள் போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

நேற்று அவள் செய்த மாற்றம் ஒன்றுதான். நாளை தேர்வு முடிவுகள் வருகின்றன. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறப்பார்கள். அலுவலகத்தில் எல்லோரும் 'அவசரம்' என்று அழைக்கும் மேலாளர், "ஆப் படுத்துச்சுன்னா நாமளும் பக்கத்துலயே பாய் விரிச்சுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாப் பெயர்களையும் அந்தப் பன்னிரண்டு சர்வர்களும் மெமரியில் பங்கிட்டு வைத்திருக்கும். அதனால்தான் கேட்டவுடன் பதில் வருகிறது. இடம் நிறைந்தால், வெகு நாளாக யாரும் கேட்காத பெயரை வெளியே தள்ளிவிடும். அதில் தீங்கில்லை. மறுபடி கேட்டால், எல்லாம் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் டேட்டாபேஸிலிருந்து எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் மெதுவானது, நெரிசலில் முதலில் மூச்சுத் திணறுவது அதுதான். ஆகவே முடிவுகள் வந்து முடியும்வரை அந்த வழியை அவள் அடைத்திருந்தாள். மெமரியில் இல்லையென்றால், அப்படி ஒருவர் இல்லை என்றே பதில் சொல் என்று எழுதியிருந்தாள்.

இப்போது வழியைத் திறந்தாள். டேட்டாபேஸைத் தேடினாள். பதினைந்தாவது குழந்தை அங்கேயும் இல்லை. வரிசை எண்களில் ஓர் இடைவெளிகூட இல்லை. சர்வர்கள் சொன்ன பதிலுக்கு ஏற்றபடி உலகமே தன்னைத் திருத்திக்கொண்டது போல அத்தனை சுத்தமாக இருந்தது. வழியைத் திறந்த பிறகும், மெமரி வெளியே தள்ளிய பெயர்கள் டேட்டாபேஸிலிருந்தும் மறைந்துகொண்டே இருந்தன.

'அவசர'த்துக்குப் போன் போட்டாள்.

"சார், இடம் பத்தல. உடனே இன்னொரு சர்வர் வேணும்."

"எதுக்குமா? பிரமாதமா ஓடுது. மத்தியானத்துல இருந்து ஒரு புகார் வரல."

"புகார் சொல்ல வேண்டியவங்களுக்கே ஞாபகம் இல்ல சார்."

"போய் ஒரு காபி குடி" என்று அவர் வைத்துவிட்டார்.

நாளைய தேர்வு முடிவுகள் ஆறு மணி வரை அதே மெமரிக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்; ஏற ஏறப் பெயர்கள் வெளியே போகும். ஏற்றுகிற குழுவுக்கு நிறுத்தச் சொல்லி எழுதினாள், பதில் இல்லை. சர்வர்களை அணைத்துவிடலாம். அணைத்தால் அவற்றுள் மிச்சமிருக்கும் நாற்பதாயிரம் பிள்ளைகளும் ஒரே நொடியில் போவார்கள். சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது.

அவள் மகளும் அந்த ஆப்பில்தான் இருக்கிறாள். ஏழு வயது. வீட்டில் 'வாண்டு'. ஊரார் பிள்ளைகளை நொடிக்கு நொடி கண்காணிக்கும் அவள், தன் பிள்ளையைப் பற்றி ஒரு நாளும் அதில் கேட்டதில்லை. கணவனும் கேட்டதில்லை. 'அதான் நம்ம ஆப்பாச்சே' என்ற தைரியம்.

மகள் ஏழாம் சர்வரில் இருந்தாள். கடைசியாகக் கேட்கப்பட்ட நேரம்: எழுபத்தொரு நாளுக்கு முன், பெயரைப் பதிவு செய்த அன்று.

கேட்டாள். பெயர் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. மூச்சு வந்தது. கீழே மற்ற பெயர்கள் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சத்தமே இல்லை. மறுபடி கேட்டாள். மறுபடி. ஆறு மணி வரை இதையே செய்தால் போதும். ஆண்டவனே, ஆறு மணி வரை.

ஐந்தரைக்கு ஏழாம் சர்வரில் முப்பது பேர். ஐந்தே முக்காலுக்குப் பதினொருவர். உதிர்கிற பெயர்களைப் பார்க்காமலிருக்க முயன்றாள். முடியவில்லை. அடியில் ஒரு சிறுவன். ஐந்து வயது. காலைக்குப் பிறகு அவனைப் பற்றி யாருமே கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே யாரோ அவன் சட்டையை உலர்த்தி மடித்திருப்பார்கள். ஒருமுறை கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டாள். அவன் மேலே ஏறினான். உடனே மகளைக் கேட்டாள். பிறகு வேறொரு சிறுமியை. பிறகு மகளை.

ஒன்பது பேர். ஐந்து பேர்.

கை வலித்தது. இரைச்சல் ஏறியது. யாரோ காதருகே எண்ணுகிறார்கள்.

மூன்று.

இரண்டு. வாண்டும் அந்தச் சிறுவனும்.

ஐந்து ஐம்பத்தொன்பது. மகளைக் கேட்டாள். சிறுவன் விளிம்பில். இன்னும் ஒரே ஒரு தடவை. பாவம். குழந்தை.

கேட்டாள்.

சிறுவன் மேலே ஏறினான், வாண்டு விளிம்புக்கு இறங்கினாள். விரல் திரும்பி வந்தது. வந்த இடத்தில் நின்றது.

எதையோ தட்ட வந்தோமே.

மணி ஆறு. திரையில் ஒரே ஒரு பெயர், ஒரு சிறுவனுடையது. ஏற்றம் முடிந்தது என்று கீழே பச்சை எழுத்து. ஒரு பிள்ளையையாவது காப்பாற்ற முடிந்ததே என்று கண் கலங்கியது. ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். மனசு லேசாக இருந்தது. இவ்வளவு லேசாக ஏன் என்றுதான் புரியவில்லை.

வீட்டு வாசலில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை. அவளைப் பார்த்ததும் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அப்பா கதவத் திறக்க மாட்டேங்கிறாரு. யாருன்னு கேக்குறாரு."

அவள் குனிந்தாள். பாவம், யார் பெற்ற பிள்ளையோ. கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடா கண்ணு. வழி தவறிட்டியா? உங்க அம்மா பேர் என்ன?"

சிறுமி அவள் முகத்தையே பார்த்தாள்.

உள்ளிருந்து கணவன், "யாரு அது? இன்னும் போகலையா?" என்றான்.

"யாரோ சின்னப் பொண்ணு, பாவம். தேடிட்டு வருவாங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தட்டில் சோறு போட்டு வைத்தாள். குளிருமே என்று தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். பயப்படாமல் இருக்கட்டும் என்று வெளிவிளக்கையும் போட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

சிறுமி அழுகையை நிறுத்தியிருந்தாள். விளக்கின் கீழ் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் முறை முழுதாக. இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி. மூன்றாம் முறை பாதியில் நின்றுபோய், மிச்சத்தைத் தேடுவதுபோல இருட்டுக்குள் பார்த்தாள்.