தொண்ணூற்றெட்டு மதிப்பெண் தூக்கம்

செவ்வாயின் ஏழாம் குகையூரில் காலைக் கஞ்சிக்கு முன்பே எல்லோருடைய காதும் பேசிவிடும். மடலுக்குப் பின்னே பதித்திருக்கும் துயில்மானி, முந்தைய இரவுத் தூக்கத்தின் மதிப்பெண்ணை வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும்.

"வேந்தன், தொண்ணூற்றெட்டு. எழிலி, முப்பத்தொன்று."

வேந்தன் பாசிக்கஞ்சியை உறிஞ்சியபடி மனைவியைப் பார்த்தான். "படுத்தாத் தூங்கத் துப்பில்ல. இதுல எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா."

"குறட்டைக்கு நடுவுல உங்களுக்கு மூச்சே நின்னுபோகுது. நான் இடிச்சாத்தான் திரும்ப வருது. பகல்ல கிண்ணத்து மேலயே தூங்கி விழுறீங்க."

"பொறாமடி உனக்கு."

இருக்கலாம் என்று எழிலி நினைத்தாள். முழங்கை அவன் விலாவில் இறங்கும்போது அதில் அக்கறை எவ்வளவு, வன்மம் எவ்வளவு என்று அவளுக்கே பிரிக்கத் தெரியாது. சில இரவுகளில், இடிப்பதற்கு முன் அந்த நிசப்தத்தைக் கொஞ்சம் ருசித்ததும் உண்டு.

அன்றே துயில் அதிகாரியிடம் போனாள். அவர் கொட்டாவி விட்டபடி சிரித்தார்.

"குறட்டைன்னாலே அசந்த தூக்கம்தானேம்மா? மானிக்கு அதச் சொல்லிக் குடுத்ததே பூமியிலேருந்து வந்த நம்ம பெரியவங்கதான். 'என்னமா குறட்டை விட்டுத் தூங்குறான் பாரு'ன்னு வீட்டுக்கு வீடு சொன்னதத்தான் அது படிச்சு வச்சிருக்கு." திரையைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. "நல்லாத் தூங்குற மனுசன ராத்திரி பூரா இடிச்சு எழுப்புறது நீங்கதானா? நோய் உங்களுக்குத்தான்."

மாலைக்குள் உத்தரவு வந்தது. எழிலிக்கு, ஒலி புகாத சுவரோடு தனியறை. அவள் தலையணையை வேந்தனே தூக்கிவந்து அங்கே எறிந்தான்.

"ஒருக்களிச்சாவது படுங்க," என்றாள்.

"உன் வாய்க்கும் சேர்த்து ஒரு சுவர் வச்சிருக்கலாம்," என்று கதவைச் சாத்தினான்.

"எழிலி, தொண்ணூற்றைந்து" என்று மறுநாள் காது சொன்ன பிறகுதான் விழித்தாள். உடம்பு பஞ்சாக இருந்தது. அந்தச் சுகத்தில் சிறிது நேரம் கிடந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். கஞ்சி வேளை ஆகியும் மற்றொரு பெயர் அறிவிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சற்று நேரத்தில் குகையூரே கூடிவிட்டது. துயில் அதிகாரி வேந்தனின் கால்மாட்டில் கைகட்டி நின்றார்.

"தூக்கத்துலயே போயிட்டாரு. குடுத்து வச்ச மனுசன்."

எல்லோரும் தலையசைத்தார்கள். ஒருத்தி பெருமூச்சு விட்டாள், தனக்கும் அப்படி வாய்க்க வேண்டுமென்று.

பக்கத்து வீட்டுக்காரி எழிலியின் கன்னத்தைத் தடவினாள். "நீயும் நேத்துதான் கண்ணு நல்லாத் தூங்கியிருக்க. மூஞ்சியில என்ன ஒரு தெளிவு!"