தளிர்விட்ட குதிரைமசால்

காலை ஏழு மணி. உறைபனி அறையிலிருந்து முந்தாநாள் வெளியே எடுத்த குதிரைமசால் தொட்டிகள் அத்தனையும் கறுத்துச் சாய்ந்து கிடந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

யாரோ கெடுத்துவிட்டார்கள் என்ற புகாரை, மாட்டுத் தீவனம்தானே என்று அலட்சியமாக விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், ஆராய்ச்சிக்காரரின் மனைவியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பனியில் பட்டுப்போகாத ரகம் ஒன்றுக்காகவே ஆயுளைக் கொடுத்த மனுஷன், போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கூடவே உழைத்தவள் இப்போது தனியாக நின்றாள்.

"எல்லாத்தையுமா உறைய வச்சீங்க? ஒண்ணு ரெண்டு மிச்சம் வைக்கலையா?"

"போன வருஷம் இதே குளிரைத் தாங்குச்சு சார். அவர் மேல அவ்ளோ நம்பிக்கை."

"நான் சிவனேன்னு வாசல்ல உக்காந்திருந்தேன் சார்!" என்று கேட்காமலே பதறினார் வாட்ச்மேன். எலக்ட்ரீஷியன், அவளுடைய கொழுந்தன், சுவிட்ச் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளி நின்றார்.

உறைபனி அறையின் குளிர் சரியாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்தார். செத்த செடிகளின் நுனியில் இரண்டு விரல் நீளத்துக்கு இளந்தண்டு.

"உறைய வைக்கிறதுக்கு முன்னாடி செடி எங்க இருந்துச்சு?"

"பக்கத்துக் குளிர் ரூம்ல. அங்க வச்சுத்தான் குளிருக்குப் பழக்குவோம்."

"அங்க வளருமா?"

"வளராது சார். தரையோட ஒட்டி..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

அந்த அறையில் ஒரு நாற்காலி. ஆணியில் தூசி படிந்த கம்பளிச் சால்வை.

"யாருது?"

"என்னுதுதான். வீட்டுக்குப் போகப் பிடிக்காம இங்கயே உக்காந்திருப்பேன்."

இந்தக் குளிரில் சால்வைக்கு ஏன் தூசி? இன்ஸ்பெக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

"சுவிட்ச் பெட்டி சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. இந்த ரூமைச் சூடாக்கினது நீங்கதான். செடி கதகதப்பை நம்பித் தளிர்விட்டுது, பழகின குளிரை மறந்துட்டுது. அப்புறம் உறைய வச்சா எப்படித் தாங்கும்?"

அந்த ஆள் தேம்பித் தேம்பி அழுதார். "அண்ணி இருமிக்கிட்டே நடுங்குனாங்க சார். அண்ணனைத்தான் காப்பாத்த முடியல, இவங்களையாவது... ஒரு வாரம்தான் ஹீட்டர் போட்டேன். செடிக்கும் இதமா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் திட்டவில்லை. சால்வையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"தளிரை நானும் பாத்தேன் தம்பி. தளிர்விட்டா பனி தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த வாரம் குளிரே தெரியல. உங்கண்ணன்தான் பக்கத்துல வந்து உக்காந்திருக்கார்னு நெனச்சுட்டேன்."