தோல் பிடித்துவிட்டது

இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் கணவனுக்குக் கேட்கவில்லை என்பதைத் தையல்காரி, அவன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பதினெட்டாம் நாள்தான் கவனித்தாள். முன்பே ஆரம்பித்திருக்கலாம். பதினெட்டு நாளாய் அவள் ஒழுங்காகக் கண்மூடியதில்லை. மிஷினில் கால் வைத்தபடியே தூங்கி, ஊசி துணியை விட்டு ஓடியதும் திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

சலவைக்கூடத்தின் நீராவி இஸ்திரி இயந்திரம் அவன் இடக்கையை முழங்கை வரை கவ்விவிட்டது. மருத்துவமனையில் தொடையிலிருந்து காகிதம் போலத் தோலைச் சீவி எடுத்து, அது போதாமல் வலை மாதிரி கண்ணி கண்ணியாய் விரித்து, கையில் போர்த்தி அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டில் கட்டு மாற்றுவது அவள் வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிணநீரில் மொடமொடத்துப் போன துணியை நூல் நூலாகப் பிரிக்கும்போது, களிம்பு வாடையும் பச்சைப் புண்ணின் இனிப்பு வாடையும் கலந்து தொண்டைக்குள் இறங்கும். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். அவளுக்கும் தாடை வலிக்கும்.

பத்தாம் நாள் துணி காய்ந்தே கழன்று வந்தது. வாடையே இல்லை.

மருத்துவமனையில் கட்டுப் போடும் பிரிவு நர்ஸுக்கு போன் செய்தாள். "தோல் நல்லாப் பிடிச்சிருச்சும்மா. இத்தனை சீக்கிரம் யாருக்கும் ஆறாது. சந்தோஷப்படுங்க."

சந்தோஷப்படத்தான் நினைத்தாள். ஆனால் துணியில் அரை நூல் கோணினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. கண்ணி கண்ணியான அந்த இளஞ்சிவப்புத் தோல் முழங்கையைத் தாண்டியிருந்தது. டேப் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து பத்தரை அங்குலம். அடுத்த முறை கட்டு மாற்றும்போது பதினான்கு. அதற்கடுத்து, தோள்பட்டையில் அவன் சின்ன வயதுத் தடுப்பூசித் தழும்பு இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது.

"அளவெடுத்து எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று சிரித்தான் அவன். "விடு, வலி போச்சே. அது போதும்."

வலி போயிருந்தது உண்மைதான். அவளும் விட்டுவிட்டாள். அலுப்பு அப்படி.

பதினெட்டாம் நாள் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதுமடல் இருந்தது. உள்ளே துளை இல்லை. கிழிசலை இழையோட்டி மூடியது போல, வலைத்தோல் வெகு நேர்த்தியாக மூடியிருந்தது. விரலால் அழுத்தினாள். வெதுவெதுப்பாக, உள்வாங்கி எழுந்தது.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்லைங்க. அழுக்கு."

அடுப்படிக்குப் போய் நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், அது காதை மூடிருச்சு."

"வீக்கமா இருக்கும்மா. நாளைக்கு மூணு மணிக்கு டாக்டர் வர்றார். கூட்டிட்டு வாங்க."

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவன் படுத்தான். கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கட்டிலருகே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மின்விசிறி கடகடத்தது. தெருவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் குறட்டை சீராக ஏறி இறங்கியது. ஒரே ஒரு நிமிடம் என்று கண்ணை மூடினாள்.

குறட்டை நின்றதில் விழித்தாள்.

இடக்கண் இல்லை. மூக்குத் துளைகள் இல்லை. உதடுகளின் மேல் இளஞ்சிவப்பு வலை. காற்றுக்குத் தவித்து, மத்தளத் தோல் போல உள்ளே குழிந்து, வெளியே புடைத்தது. வலக்கண் மட்டும் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோலுக்குத் தெரிந்தது ஒரே வேலை. திறந்திருப்பதை மூடுவது.

கட்டு மாற்றும் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். வாய் இருந்த இடத்தில் நீளமாக வெட்டினாள். அவன் முழு உடம்பும் எழும்பி மூச்சை இழுத்தது.

"ஆம்புலன்ஸ்!" போனில் கத்தினாள். "மூச்சு விட முடியலைங்க அவருக்கு!"

"முக்கால் மணி நேரத்துல வந்துருவோம்மா."

திரும்பினாள். வெட்டின விளிம்புகள் சேர்ந்துவிட்டிருந்தன. தழும்புகூட இல்லை.

வெட்டினாள். சேர்ந்தது. வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக. பிறகு கத்தரிக்கோல் வழுக்கிக் கட்டிலுக்கடியில் ஓடியது.

கடைசி இடுக்கு மூடுமுன் இரண்டு விரல்களை உள்ளே விட்டு, அகட்டிப் பிடித்தாள்.

மூச்சு வந்தது. விரல்களுக்கு நடுவே. சூடாக.

"இருங்க. வந்துருவாங்க. நான் எடுக்க மாட்டேன்."

தோல் இறுகியது. வலிக்கவில்லை. நகம் மறைந்தது. முதல் கணு. இரண்டாவது கணு. இழுத்தால் வந்துவிடும் என்று தோன்றியபோது இழுக்கவில்லை. பிறகு அப்படித் தோன்றவில்லை.

தலை தொங்கியது. பதினெட்டு நாள் தூக்கம். மணிக்கட்டில் ஏதோ மெல்ல ஊர்ந்தது. குனிந்து பார்த்தாள். அவன் முகம் எங்கே முடிகிறது, தன் கை எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். ஒரே தோலாக இருந்தது. கண்ணி கண்ணியாக. விரல்நுனியில் மட்டும், உள்ளே எங்கோ, அவன் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது.